இரண்டு பேர் போதும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எங்கள் மூன்றாவது வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி வழிந்து கீழே குடியிருக்கும் மருந்துக்கடைக்காரர் தலையில் கொட்டியிருக்கிறது. "சாவியக்கா, நான் ஏற்கெனவே குளிச்சாச்சு" என்றார் சட்டையைப் பிழிந்தபடி. இடுப்பில் சாவிக்கொத்தோடு அலைவதால் குடித்தனக்காரர்களுக்கு நான் சாவியக்கா. நல்ல மனுஷன், வேறு யாராவதாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். தொட்டியில் மிதவை உடைந்திருந்தது. மாற்றினேன். கை முழுக்கப் பாசி.

அண்ணன் போன் செய்தான். நாலாவது கட்டடத்துக்குப் பேரம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, விற்பவர் விலையில் இறங்கி வந்துவிட்டார் என்றான். தானாகவா இறங்கினார்? அந்த மனிதரின் வாசலுக்கு நடையாய் நடந்து, சுவர் விரிசல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி இறக்கியது நான். சரி, விடு.

அந்த நாலாவதில் மொத்தம் ஆறு குடித்தனம், நடுவில் பொதுப் படிக்கட்டு, பின்னால் கொஞ்சம் காலி இடம். இதுவரை வாங்கிய மூன்றும் சின்ன வீடுகள். பழைய வீடாகப் பார்த்து வாங்குவோம், சரிசெய்வோம், வாடகைக்கு விடுவோம். மூன்றும் அண்ணன் பெயரில். "இப்போதைக்கு என் பேர்ல இருக்கட்டும்" என்று அவன் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது.

இந்தக் கட்டடத்துக்குக் கடன் வேண்டுமென்றால் முறையாக ஒரு நிறுவனம் பதிவு செய்யச் சொல்கிறதாம் வங்கி. தனி ஆளுக்கு இவ்வளவு தரமாட்டார்களாம். "ஆடிட்டர்கிட்ட பேசி எல்லாம் பண்ணிடலாம் பாப்பா. நீ கவலைப்படாத."

எனக்கு நாற்பத்தாறு வயது. பாப்பாவாம்.

மார்ச் 7, வெள்ளி

நிறுவனம் என்றால் கடைசியில் என் பெயரும் எங்காவது எழுதப்படும். சொல்லிப் பார்த்தேன்: பங்குதாரர். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டாம், எனக்கே சிரிப்பு வந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஆடிட்டர் அலுவலகத்துக்கு நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வீட்டில் பஸ் ஓட்டுநர் குடும்பம் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. திறந்துவிட்டுப் போவதற்குள் கொஞ்சம் தாமதம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேஜையில் தட்டச்சு செய்த தாள்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இயக்குநர்கள் அண்ணனும் அண்ணியும். பங்குகளும் அவர்கள் இருவருக்குமே. நான் எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் இருந்தேன். 'பராமரிப்பு மேலாளர்.' மாதச் சம்பளம்.

"சம்பளமா கொடுத்தா அது கம்பெனிச் செலவுல போயிடும். வரி குறையும்" என்றார் ஆடிட்டர், எனக்குப் பரிசு கொடுப்பது போல.

"அப்ப நான் பங்குதாரர் இல்லையா?"

அண்ணன் சிரித்தான். "ரெண்டு பேர் போதும்னு சட்டமே சொல்லுது பாப்பா. உன்னை எதுக்கு இதுல இழுத்து விடணும்?"

அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் அந்தப் பட்டன் போன். 'வாடகைக்கு' என்று நாங்கள் மாட்டும் பலகைகளில் எல்லாம் இருக்கும் எண் அதுதான். அது அடித்தது, எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். இவள் இயக்குநர்! ஒப்புக்குச் சப்பாணி.

அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் எழுந்து வந்திருக்க வேண்டும். அதை நினைத்தாலே எரிகிறது.

மார்ச் 15, சனி

இழுத்து விடணுமா? என்னையா? எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வந்ததே நான்தானே!

முதல் வீட்டை முதலில் பார்த்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றவன் யார்? "இதுல மனுஷன் இருப்பானா?" என்று கேட்டவன் யார்? உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, சுவர் நல்லாத்தான் இருக்கு, சாக்கடைதான் போச்சு என்று சொன்னது நான். டைல்ஸ் கடையில் பன்னிரண்டு வருஷம் கவுன்டரில் நின்றேன். எந்த மேஸ்திரி ஏமாற்றுவான், எந்தத் தரை எப்போது தூக்கும் என்று அங்கேதான் கற்றேன். அந்த வேலையை விடச் சொன்னது இவன். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம்" என்று இந்த வாயால்தான் சொன்னான்.

பணம் அவன் போட்டான். ஒத்துக்கொள்கிறேன். அவன் அச்சகத்தில் சம்பாதித்தது, வங்கியில் வாங்கியது. நான் என்ன போட்டேன்? முட்டி தேய நடந்ததைப் போட்டேன். குடிவந்தவர்களின் சண்டை, எலி, ஒழுகல், ஷாக் அடிக்கிற சுவிட்ச், மழை பெய்தால் போதும், நான் குடையோடு கிளம்பிவிடுவேன். மாதாமாதம் என் செலவுக்கு ஏதோ கொடுப்பான். நானும் வாங்கிக்கொள்வேன். கூடப்பிறந்தவர்களுக்குள் என்ன கணக்கு என்று இருந்துவிட்டேன். அதுதான் பாருங்கள், இப்போது அது சம்பளம் ஆகிவிட்டது. இத்தனை நாள் நான் வேலைக்காரிதான் போல, எனக்குத்தான் தெரியவில்லை.

தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டான்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன்.

ஹாலில் அண்ணியின் டியூஷன் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பின்னம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு காதில் அந்தப் போனை இடுக்கிக்கொண்டு, "இல்லீங்க, அட்வான்ஸ் குறையாது... டேய், கீழ இருக்கிறத ஏன்டா கூட்டுற? ...உங்களை இல்லீங்க" என்று பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் என்றால் சிரித்திருப்பேன்.

அண்ணனை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏன் இப்படிச் செய்தாய்?

"உன் நல்லதுக்குத்தான். நாளைக்கே கட்டடம் காலியா கிடக்குது, கடன் கட்ட முடியலைன்னு வை. கம்பெனி மூழ்கினா இயக்குநர்தான் ஓடணும். நீ வேலை பாக்கறவ. உனக்கு ஒண்ணும் ஆகாது. உன் ஃபிளாட் உனக்கு."

என் ஃபிளாட். ஒரு படுக்கையறை, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே போகவேண்டும். கல்யாணம் முறிந்து வந்த பிறகு டைல்ஸ் கடைச் சம்பளத்தில் கட்டித் தீர்த்தது. உலகத்தில் என் பெயரில் இருக்கும் சுவர்கள் அவ்வளவுதான்.

"எனக்கும் மூழ்கணும்" என்றேன்.

"என்ன?"

"நீ மூழ்கினா நானும் மூழ்கணும். நீ மேல வந்தா நானும் வரணும். கரையில நிக்க வெச்சு துண்டைப் பிடிச்சுக்கோன்னு சொல்றதுக்கு நான் யாரு?"

"பைத்தியமா உனக்கு?" என்றான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடலாம். இவன் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே செய்கிறான்.

வரும்போது அண்ணி கதவருகில் நின்றாள். "டீ?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மார்ச் 20, வியாழன்

தனியாக ஆடிட்டரிடம் போனேன். மனுஷர் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் திரும்பத் தள்ளினேன்.

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றேன். சொன்னார். தனி ஆள் பெயரில் நடத்தினால் லாபமும் அவருடையது, கடனும் அவருடையது, கடன் கொடுத்தவன் வீட்டிலிருக்கும் கட்டிலைக்கூடத் தூக்கிக்கொண்டு போவான். பார்ட்னர்ஷிப் என்றால் ஒருவர் செய்கிற தப்புக்கு எல்லோருடைய கட்டிலும் போகும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி தனி ஆள் மாதிரி. கம்பெனியின் கடன் கம்பெனியோடு. ஆனால் பங்கு பணத்துக்குத்தான்.

"உழைப்புக்கு?"

"அதுல சுத்தி வளைச்சுப் போகணும். நீங்க கேக்கறதுக்கு எல்.எல்.பி.தான் சரி, லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப். பார்ட்னர்ஷிப்பும் கம்பெனியும் கலந்தது. ஒருத்தர் தப்புக்கு இன்னொருத்தர் வீடு போகாது. அதே சமயம் யாருக்கு எவ்வளவுன்னு ஒப்பந்தத்துல நீங்களே எழுதிக்கலாம். பணம் ஒருத்தர், வேலை ஒருத்தர், லாபம் பாதிப் பாதின்னாலும் சட்டம் கேள்வி கேக்காது."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உங்க அண்ணன் கேக்கலையே" என்றார். பிஸ்கட்டை டீயில் நனைத்தார். உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

பழைய மூன்று வீடுகளை என்ன செய்வது என்றும் கேட்டேன். அவற்றைப் புது நிறுவனத்துக்கு மாற்றினால் பதிவுச் செலவே முழுங்கிவிடுமாம். அவை அவன் பெயரிலேயே கிடக்கும். ஒன்பது வருஷம் அங்கே போனது போனதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

அச்சகத்துக்கே போய்ச் சொன்னேன். கம்பெனி வேண்டாம், எல்.எல்.பி. போடலாம், பாதிப் பாதி. அவன் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. "கம்பெனிக்குப் பேர் விண்ணப்பிச்சாச்சு பாப்பா. இனிமே எதுக்குக் குழப்பம்?" என்று அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி அவன் மேஜையில் வைத்தேன். அச்சடித்துக் காயாத கல்யாணப் பத்திரிகைகள் மேல். மை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

தெருவில் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தேன். அண்ணனே வந்து குழாய் சரிசெய்தானாம். மெயின் வால்வை மூடாமல் குழாயைக் கழற்றினானாம். "நாங்க குடை பிடிச்சுக்கிட்டு அவருக்கு வழி சொன்னோம் சாவியக்கா. அவரு கண்ணாடி இன்னும் கிடைக்கல."

வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். பிறகு அழுகையும் வந்தது, அது எதற்கென்று தெரியவில்லை. தொட்டி மிதவை சரியாக நிற்கிறதா என்று ஒரு யோசனை. எனக்கென்ன வந்தது? சம்பளம் வாங்கட்டும் யாராவது, வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

வந்தான். என் ஃபிளாட்டுக்கு அவன் கடைசியாக எப்போது வந்தான் என்று எனக்கு ஞாபகமே இல்லை. புதுக் கண்ணாடி போட்டிருந்தான்.

கையில் வங்கித் தாள்கள். விஷயம் இதுதான்: கம்பெனிக்குக் கடன் கொடுத்தாலும் வங்கிக்கு மனிதர்களின் கையெழுத்து வேண்டுமாம். தனிப்பட்ட ஜாமீன். கம்பெனி கட்டாவிட்டால் கையெழுத்துப் போட்டவர் சொத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அண்ணனின் மூன்று வீடுகளும் ஏற்கெனவே அடமானத்தில். அண்ணிக்கு அவள் அம்மா எழுதிக்கொடுத்த காலி மனை ஒன்று இருக்கிறது, அதை நம்பித்தான் அவளை இயக்குநர் ஆக்கியிருக்கிறான். அண்ணி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

"ஒரே வார்த்தை. முடியாது. ஏன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

தாள்களை என் முன் வைத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. "உன் ஃபிளாட் மேல கடன் எதுவும் இல்லல்ல?"

தாள்களை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன். பிறகு கத்தினேன். பக்கத்து ஃபிளாட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு சத்தம்.

"லாபத்துக்கு நான் சம்பளக்காரி. நஷ்டத்துக்கு மட்டும் தங்கச்சியா? எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே சொன்ன? கரையில நிக்கச் சொன்னியே, இப்ப எதுக்குடா தண்ணிக்குள்ள கையைப் பிடிச்சு இழுக்கற?"

அவனை 'டா' போட்டு நான் பேசியது சின்ன வயதில்கூடக் கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். புதுக் கண்ணாடி மூக்கில் நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்தது.

"நான் யோசிக்கலை பாப்பா" என்றான்.

"அதுதான் எனக்கும் தெரியுமே. நீ யோசிக்கவே இல்ல."

ஏப்ரல் 5, சனி

காலையில் போன் செய்து சொன்னேன். கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு. எல்.எல்.பி. பாதிப் பாதி. பெரிய செலவு எதுவானாலும் இரண்டு பேர் கையெழுத்து. என்னைப் பாப்பா என்று கூப்பிடக்கூடாது. இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் ஜாமீனில் கையெழுத்துப் போடுகிறேன்.

"பாப்பான்னு கூப்பிடாம எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டான். மற்றதற்கெல்லாம் சரி என்று அர்த்தம்.

ஏப்ரல் 12, சனி

ஆடிட்டர் அலுவலகம். இந்தத் தடவை சீக்கிரமே போய் அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஒப்பந்தத்தை வரி வரியாகச் சொல்லச் சொல்லித் தட்டச்சு செய்தார்கள். முதலீடு அண்ணன். நிர்வாகமும் வேலையும் நான். லாப நஷ்டம் சரிபாதி.

"உங்க அண்ணி பேரு? முதல்ல இருந்ததே" என்றார் ஆடிட்டர்.

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ரெண்டு பேர் போதும் சார்" என்றேன். ஜாமீன் போட முடியாது என்றவளுக்கு என்ன பங்கு? சும்மா இருந்தவள் சும்மாவே இருக்கட்டும்.

ஆடிட்டர் பிஸ்கட் டப்பாவைத் தள்ளினார். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 30, புதன்

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒப்பந்தம், கடன், ஜாமீன், கிரயம். எத்தனை இடம் என்று எண்ணவில்லை, மஞ்சள் சீட்டு இருந்த இடத்திலெல்லாம் போட்டேன். வங்கி மேனேஜர் "வாழ்த்துகள் மேடம்" என்றார். மேடம்!

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இதுவும் போகலாம். கேட்டது நான்தான். ஆனால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது.

மே 8, வியாழன்

புதுக் கட்டடத்தின் படிக்கட்டுக்குப் பெயின்ட். பெயின்டர் பழைய பூச்சைச் சுரண்டாமலேயே மேலே அடித்துக்கொண்டிருந்தான். "முதலாளி பாக்க மாட்டாருன்னு நெனச்சேன்க்கா" என்றான். முதலாளி பார்த்தாள். சுரண்ட வைத்தேன்.

அண்ணன் போன் செய்தான். மோட்டார் வாங்க இரண்டாவது கையெழுத்து வேண்டும், எப்போது வரட்டும் என்று கேட்டான். நாளைக்கு வா என்றேன். இன்றைக்கே போட்டிருக்கலாம். நாளைக்கே வரட்டும்.

மே 17, சனி

அச்சகப் பையன் ஒருவன் துணிப்பையில் எதையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே பட்டன் போனும் சார்ஜரும். ஒரு துண்டுத் தாளில் அண்ணி கையெழுத்தில்: 'ஓனரம்மா, இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்.'

பங்கில் சேர்க்காததற்கு இவ்வளவு ரோஷமா? ஒரு போன் எடுப்பது என்ன பெரிய வேலை? இருக்கட்டும், நானே எடுக்கிறேன்.

மே 18, ஞாயிறு

அடித்துக்கொண்டே இருக்கிறது.

மே 20, செவ்வாய்

வீடு காலியா என்று ஒருவர். காலியில்லை என்றால், எப்போது காலியாகும் என்று. பஸ் ஓட்டுநரின் மாமியார், மகளிடம் சொல்ல வேண்டிய செய்தியை என்னிடம் சொல்கிறாள், ஏனென்றால் "வழக்கமா எடுக்கற அம்மா சொல்லிடுவாங்க." புரோக்கர்கள். தவறான எண்கள். வாடகை ஒரு வாரம் தள்ளித் தருகிறேன் என்று அழுகிற குரல், அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொன்னால் எல்லோரும் தள்ளுவார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "வழக்கமா எடுக்கற அம்மா எங்கே?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஏணி மேல் நின்று விளக்கு மாட்டும்போது அடித்தது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தது. இறங்கி எடுத்தேன். "சும்மாதான்க்கா, எண் வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றான் ஒரு புரோக்கர். அவனைத் திட்டிய திட்டில் ஏணியே ஆடியிருக்கும்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மே 23, வெள்ளி

இரண்டு குடித்தனம் இன்னும் காலி. நல்ல குடும்பம் ஒன்று மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறது, நான் கூரையில் இருந்தேன், கேட்கவில்லை. வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களாம். கடன் தவணை முதல் தேதி. வீடு காலியாகக் கிடந்தால் என் ஃபிளாட்டும் சேர்ந்துதானே போகும். இப்படியே போனால் சரிப்படாது.

மே 25, ஞாயிறு

அண்ணி வீட்டுக்குப் போனேன், போனை எடுத்துக்கொண்டு. டியூஷன் இல்லாத நேரமாகப் பார்த்து.

அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. நல்லபடியாகத்தான் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, நீங்க எடுத்த மாதிரி என்னால எடுக்க முடியல. நீங்களே பாத்துக்கோங்க. சும்மா வேண்டாம். மாசாமாசம் ஒரு தொகை கொடுத்துடறோம்."

சொல்லி முடித்தபோதே காதில் விழுந்துவிட்டது. என் குரலில் அண்ணன் பேசியது மாதிரி இருந்தது.

அண்ணி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"என்ன போஸ்ட்? போன் மேனேஜரா?"

போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"நீ சாவியைத் தூக்கி மேஜையில போட்டுட்டு வந்தப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பரவாயில்ல, ஒருத்தியாவது கேக்கறாளேன்னு நெனச்சேன். அப்புறம் நீயே போய் ரெண்டு பேர் போதும்னு சொல்லிட்டு வந்திருக்க. உங்க அண்ணன் வந்து சொன்னாரு, ஏதோ ஜோக் மாதிரி."

"நீங்கதான் ஜாமீன் போட மாட்டேன்னு..."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது எனக்குப் படிச்சுச் சொன்னீங்களா? அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன். கையைத் துடைச்சுட்டு இங்க போடு, இங்க போடுன்னாரு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த மஞ்சள் சீட்டுதான். எங்கம்மா கொடுத்த மனைடி அது. எனக்குன்னு வேற என்ன இருக்கு?"

என் ஃபிளாட்டை நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குக் கண் கலங்கவில்லை, கோபம்தான். மூக்கு நுனி சிவந்திருந்தது. அந்தக் கோபத்தை எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு மாதமாக நான் அதை வைத்துக்கொண்டுதான் அலைந்தேன். ஒன்பது வருஷமாக அந்தப் போன் இந்தச் சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. நான் ஒரு நாளாவது அது என்ன என்று கேட்டிருக்கிறேனா?

போன் என் கையிலேயே அடித்தது. இருவரும் அதைப் பார்த்தோம். நான் எடுத்துப் பேசிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். அது கோழைத்தனம்தான்.

மே 26, திங்கள்

ஆடிட்டரிடம் கேட்டேன், மூன்றாவது ஆளைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று. ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும், மறுபடி பதிவு, மறுபடி கட்டணம். "முதல்லயே போட்டிருந்தா ஒரே செலவோட போயிருக்கும்" என்றார். புதுப் பங்குதாரர் வந்தால் வங்கி அவருடைய ஜாமீனும் கேட்கலாமாம்.

அண்ணனிடம் சொன்னேன். "அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? வீட்டுல போன் எடுத்ததுக்கா?" என்றான்.

நல்லவேளை, போனில் சொன்னான். நேரில் சொல்லியிருந்தால் இந்தப் புதுக் கண்ணாடியும் போயிருக்கும்.

ஜூன் 1, ஞாயிறு

அண்ணி வீட்டுச் சாப்பாட்டு மேஜை. நான், அண்ணி, அண்ணன். அண்ணனை உட்கார வைத்தது நான், எழுந்து போக விடாமல் வைத்தது அண்ணி.

அண்ணிக்கென்று வங்கி கொடுத்த தாள்களிலிருந்து மஞ்சள் சீட்டுகளையெல்லாம் முதலில் பிய்த்துப் போட்டேன். பிறகு ஜாமீன் பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன், சத்தமாக. புரியாத இடத்தில் அண்ணி கையைத் தூக்குவாள், அவள் டியூஷன் பிள்ளைகள் மாதிரி. நாலாவது பக்கத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று ஒரு வரி. "அப்படின்னா?" என்றாள். நான் அண்ணனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். ஆடிட்டருக்குப் போன் போட்டோம். அப்படியென்றால், வங்கி நினைத்தால் முழுக் கடனையும் ஒரே ஆளிடம் வசூலிக்கலாமாம். ஆளுக்குப் பாதிக் கடன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்! அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணன் தண்ணீர் கேட்டான். யாரும் எழுந்திருக்கவில்லை, அவனே போய்க் குடித்தான்.

"பயமா இருக்கா?" என்று அண்ணி என்னைக் கேட்டாள்.

"இருக்கு."

"எனக்கும்." பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மூணுல ஒரு பங்கு. அதுக்குக் குறைச்சு ஒத்துக்க மாட்டேன். மனையை வைக்கறதா வேண்டாமான்னு முழுசாப் படிச்சுட்டு நான் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் அவசரப்படுத்தக்கூடாது."

"பாப்பா, நீ என்ன சொல்ற?" என்றான் அண்ணன். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவங்க சொன்னதுதான்" என்றேன்.

அப்போது பட்டன் போன் அடித்தது. மேஜை நடுவில் இருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணி அஞ்சாவது பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அது அடித்தது, அடித்தது. அண்ணன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் அவனே எடுத்தான்.

"ஹலோ... ஆமாங்க, வாடகைக்குத்தான்... எத்தனை பேருங்க நீங்க? ...இருங்க, எழுதிக்கறேன்."

அண்ணி தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பென்சிலை அவன் பக்கம் தள்ளினாள்.